பட்டதாரி என்ற சொல்லின் மேல் ஒரு கோடு

என் அன்பான அம்மாவுக்கு,

நாளைக்கு நீங்கள் போய் முப்பத்தோராம் நாள். கிளென் வேவர்லி மண்டபத்தில் சனம் கூடும். மகள் நாலு வார்த்தை பேசவேண்டும் என்று தனலட்சுமி அன்ரி சொல்லிவிட்டா. எனக்குச் சபையில் பேச வராது என்று உங்களுக்குத் தெரியும். அதனால் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதி அதையே வாசிக்கலாம் என்று நினைத்தேன். உங்களோடு கதைப்பதென்றால் கூச்சம் கொஞ்சம் குறையும். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

நாங்கள் இருக்கிறோம், அம்மா. அப்பா சோறு காய்ச்சப் பழகிவிட்டார், இன்னும் குழைகிறது. குசினி அலுமாரிக் கதவில் நீங்கள் ஒட்டிவைத்த சைன், கோசைன் சூத்திரங்கள் மஞ்சள் கறையோடு அப்படியே இருக்கின்றன. தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கும்வரை அப்பா அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கு அதில் ஒரு எழுத்தும் விளங்காது. நான் எடுக்கட்டுமா என்று கேட்டேன். "அது அதிலை இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

உங்களிடம் சொல்லவேண்டியது வேறொன்று. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

உங்கள் மூத்த அண்ணன், எங்கள் பெரியமாமா, யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு அச்சடித்து விமானத் தபாலில் அனுப்பியிருக்கிறார். மண்டபத்தில் இருக்கும் இந்தியத் தமிழருக்காகச் சொல்கிறேன்: கல்வெட்டு என்றால் இறந்தவரின் படமும் வாழ்க்கை வரலாறும் தேவாரமும் போட்டு, முப்பத்தோராம் நாள் வந்தவர்களுக்குக் கொடுக்கும் சின்னப் புத்தகம். வடிவாகத்தான் அடித்திருக்கிறார். உங்கள் கலியாணப் படத்தில் இருந்து அப்பாவை வெட்டிவிட்டு உங்களை மட்டும் போட்டிருக்கிறார். தோளில் அப்பாவின் கை கொஞ்சம் மிச்சம் நிற்கிறது.

இரண்டாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "அன்னார் அவுஸ்திரேலியாவில் பௌதிகவியல் கற்றுச் சிறப்புப் பட்டதாரியாகத் திகழ்ந்தார். தாயின் வழியிலேயே மகள் சுகந்தியும் அதே துறையில் முதல் தடவையிலேயே சித்தியெய்திப் பெருமை சேர்த்தார்."

சிரிக்கிறீர்களா? உங்களுக்குப் பட்டம் இல்லை. நான் முதல் தடவை பெயில். நாளைக்கு வரப்போகிறவர்களில் பாதிப் பேருக்கு இரண்டும் தெரியும்.

ஆனால் அதை வாசித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, அம்மா. சந்தோசமாக இருந்தது. திரும்பத் திரும்ப வாசித்தேன். அச்சில் பார்க்க உண்மை போலவே இருந்தது. மனதுக்குள் ஒருத்தி, "பெரியமாமா எழுதினதுக்கு நீ என்ன செய்வாய், விடு" என்றாள். இதுதான் நான் வெட்கப்படுவது. உங்களோடு ஒரே மேசையில் ஒரு வருடம் நின்றவள் நான். அங்கே நடந்ததெல்லாம் பார்த்தபிறகும் எனக்கு அந்தப் பொய் இனித்தது.

எழுபத்தைந்தாம் ஆண்டை நினைத்துப் பார்க்கிறேன். பல்கலைக்கழகத்தில் கட்டணம் எடுபட்டதும், வயது வந்தவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று நீங்கள் எங்கேயோ கேள்விப்பட்டீர்கள். பள்ளியில் பௌதிகத்தில் கெட்டிக்காரி, மேலே படிக்க இருந்த வருடத்தில் கலியாணம் பேசி வந்து படிப்பு நின்றுபோனது என்ற கதை எனக்கும் தெரியும். ஆனால் நான் பள்ளி முடித்து உள்ளே போகிற அதே வருடத்தில், அதே வகுப்புக்கு, என் அம்மாவும் வருவா என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எனக்குப் பதினெட்டு. என் வயசுப் பிள்ளைகள் தாய் தகப்பனிடமிருந்து தப்பித்துத்தான் பல்கலைக்கழகம் போனார்கள். நான் நோபல் பார்க் ஸ்டேசனில் உங்களோடு ஒன்றாக ரயில் ஏறினேன்.

முதல் விரிவுரை ஞாபகம் இருக்கிறதா? விரிவுரையாளர் உள்ளே வந்ததும் நீங்கள் எழுந்து நின்றீர்கள். நீலச் சேலை, மேலே அப்பாவின் பழுப்பு ஸ்வெட்டர். அவ்வளவு பெரிய மண்டபத்தில் நீங்கள் ஓராள் மட்டும். அந்த மனுசன் தனக்குப் பின்னால் யாரோ பெரியவர் வருகிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். முழு வகுப்பும் சிரித்தது. நீங்கள் நிதானமாகச் சேலையை ஒதுக்கிவிட்டுக் கதிரையில் இருந்தீர்கள். கடைசி வரிசையில் இருந்த எனக்கு முகம் முழுக்கத் தீ.

அடுத்த விரிவுரைக்கும் எழுந்து நின்றீர்கள். பழக்கம் விடவில்லை என்று பிறகு சொன்னீர்கள். மூன்றாம் வாரம் அவர் உள்ளே வந்ததும் உங்களைப் பார்த்துத் தலையைச் சாய்த்துவிட்டுத்தான் தொடங்கினார்.

விரிவுரையில் நான் தூரத்தில் ஒளிக்கலாம். ஆய்வுகூடத்தில் வழி இருக்கவில்லை. பெயர்களை அகரவரிசையில் எடுத்து இரண்டிரண்டு பேராக மேசைக்கு விட்டார்கள். வெள்ளைக்காரர் கடைசிப் பெயரைத்தான் பார்ப்பார்கள். எங்கள் இருவருக்கும் கடைசிப் பெயர் அப்பாவின் பெயர். சிவசம்பு, சிவசம்பு. ஒரே மேசை. அன்று பின்னேரம் இதைக் கேட்டு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப வகுப்புக்கே போகாமல் நான் ரெண்டு தரம் பௌதிகம் படிக்கிறன்" என்றார்.

எங்கள் வரிசைக்குப் பொறுப்பாக இருந்தவன் கெவின். மேல்வகுப்பு மாணவன், தாடி, அரைக் காற்சட்டை. அக்கா தங்கையா என்று கேட்டான். இல்லை, இவ என் மகள் என்று நீங்கள் பெருமையோடு சொன்னீர்கள், பக்கத்து மேசைகளும் திரும்பிப் பார்த்தன. அவன் உங்களை "பரம்" என்று கூப்பிடத் தொடங்கினான். பரமேஸ்வரி என்ற உங்கள் முழுப் பெயரை அப்பாகூட வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. என் வயதுக்குக் கொஞ்சம் மூத்த ஒரு பெடியன் அதைப் பாதியாக முறித்துக் கூப்பிட்டான். நீங்கள் திரும்பியும் பார்த்தீர்கள்.

நான் உங்களை ஒன்றுமே கூப்பிடவில்லை. அங்கே அம்மா என்று சொல்ல வாய் வரவில்லை. தொண்டையைச் செருமுவேன், அல்லது மேசையில் பென்சிலால் தட்டுவேன். நீங்கள்தான் ஒருநாள் அதைச் சரிப்படுத்தினீர்கள். கெவின் எங்களை "பார்ட்னர்ஸ்" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, "பார்ட்னர், அந்த நூலை ஒருக்காப் பிடி" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதுக்குப்பிறகு ஆய்வுகூடத்தில் நானும் உங்களை அப்படித்தான் கூப்பிட்டேன்.

ஊசல் பரிசோதனைக்கு நீங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த பென்சில் பெட்டியோடு வந்தீர்கள். அதற்குள் அரை பிளேட் ஒன்று. மையால் எழுதியது பிழைத்தால் பிளேட்டால் சுரண்டி, நகத்தால் தேய்த்து, மேலே திருத்தி எழுதுவது ஊரில் எல்லாரும் செய்கிற வேலை. உங்களைப்போல் வடிவாகச் சுரண்ட யாராலும் முடியாது. நூலின் நீளத்தை அளந்தோம், ஆடும் நேரத்தை எடுத்தோம், கணக்குப் பார்த்தோம். புவியீர்ப்பு, புத்தகத்தில் சொன்ன 981 வரவில்லை. நீங்கள் கொஞ்சம் யோசித்தீர்கள். நீளத்தைச் சுரண்டி, 981 வரக்கூடிய நீளத்தை அதிலே எழுதினீர்கள்.

"என்ன செய்யிறீங்கள் பார்ட்னர்?"

"981 வராட்டி ரீச்சர் ஏசுவா பிள்ளை."

கெவின் வந்தான். தாளைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். சுரண்டிய இடம் மட்டும் மெல்லிசாக வெளிச்சம் விட்டது. இதிலே முதலில் என்ன இருந்தது என்று கேட்டான். நீங்கள் சொன்னீர்கள். அவன் குனிந்து எங்கள் ஊசலைப் பார்த்தான். குண்டின் நடுவரை அளக்கவேண்டியதை நாங்கள் கொளுக்கிவரை மட்டும் அளந்திருந்தோம். அந்தப் பழைய எண் நின்றிருந்தால் பிழை எங்கே என்று நீங்களே பிடித்திருக்கலாம், இப்போது பிழையும் போய்விட்டது, பிடிக்கிற வழியும் போய்விட்டது என்றான். இனிமேல் சுரண்டக் கூடாது. ஒரேயொரு கோடு. கோட்டுக்குக் கீழே இருக்கிறதை யாரும் வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். சரியானதைப் பக்கத்தில் எழுதவேண்டும்.

அவன் ஏசவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் வரிசை முழுக்கக் கேட்டது. எனக்கு மேசைக்குக் கீழே புகுந்துவிடலாம் போல் இருந்தது. என் அம்மாவைக் கள்ளக் கணக்கில் பிடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

நீங்களோ ரயிலில் சந்தோசமாக இருந்தீர்கள். "பிழையை அப்பிடியே விட்டாலும் மார்க்ஸ் குறைக்கமாட்டாங்களாம் பிள்ளை. இது நல்ல நாடு" என்றீர்கள். அதுக்குப்பிறகு அந்தப் பிளேட் பென்சில் சீவத்தான் உதவியது. பெரியமாமாவுக்கு எழுதும் கடிதத்தில்கூட ஒற்றைக் கோடு போட்டுத் திருத்தினீர்கள். தங்கச்சிக்கு அங்கே போய் எழுத்துக் கெட்டுவிட்டது என்று அவர் பதில் போட்டார்.

மார்கழியில் பெறுபேறு வந்தது. நல்ல வெயில். கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருந்த தாளில் இரண்டு சிவசம்புவும் ஒன்றின்கீழ் ஒன்று. மேலே இருந்த நீங்கள் பாஸ். கீழே இருந்த நான் பெயில்.

மின்னும் காந்தமும் எனக்கு மண்டையில் ஏறவேயில்லை. வேறு சாட்டு ஒன்றும் என்னிடம் இல்லை. பதினெட்டு வயதில், ஆங்கிலத்தில் படித்தவள், வீட்டு வேலை இல்லாதவள், நான் பெயில். சமைத்து, உடுப்புத் தோய்த்து, ரயிலில் படித்தவ நீங்கள், பாஸ். இருபது வருடம் காத்திருந்து கிடைத்த ஒன்றைப் பார்த்து நீங்கள் சிரிக்கக்கூட இல்லை. என் முகத்தைத்தான் பார்த்தீர்கள். அன்றைக்கு உங்களைத் துள்ளிக் குதிக்க விட்டிருக்கலாம். என்னால் உங்கள் சந்தோசமும் பழுதாய்ப் போனது.

அப்பா ஒரு வழி சொன்னார். "ரெண்டு சிவசம்புவும் பாஸ் எண்டு சொல்லுவம். ஆர் போய்ப் பாக்கப்போறது?" நான் உடனே ஓம் என்றேன். நீங்கள் அடுப்பைப் பார்க்கப் போனீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இதே மண்டபத்தில் பூசை. நான் வடைத் தட்டோடு நின்றேன். தனலட்சுமி அன்ரி நல்ல மனதோடுதான் கேட்டா. "என்ன பரமேஸ், ரிசல்ற் வந்ததாமே?"

நீங்கள் குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. "ஓம். நான் பாஸ். பிள்ளை பெயில். வாற வருசம் திருப்பிச் செய்யிறா."

அப்பா மண்டபத்துக்கு வெளியே போய்க் காருக்குப் பக்கத்தில் நின்றார். வீட்டுக்கு வந்ததும் நான் கத்தினேன். ஏன் சொன்னீங்கள், என்னை ஏன் சனத்துக்கு முன்னால் கேவலப்படுத்தினீங்கள் என்று கேட்டேன். நீங்கள் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டே பதில் சொன்னீர்கள்.

"திருப்பிச் செய்யேக்கை நீ ஒளிச்சு ஒளிச்சுப் போகேலாது பிள்ளை. எல்லாருக்கும் தெரிஞ்சால் நேரா நடந்து போகலாம்."

அப்போது எனக்கு அது விளங்கவில்லை. தை மாதம் முழுக்க உங்களோடு சரியாகக் கதைக்கவில்லை. ஆனால் பங்குனியில் திரும்பவும் முதலாம் ஆண்டு வகுப்பில் போய் இருந்தபோது, எனக்கு மறைக்க ஒன்றும் இருக்கவில்லை. பெயிலானவள் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் விளங்காததை வாய்விட்டுக் கேட்டேன். கேட்டதால் பாஸ் பண்ணினேன். இதை நான் உங்களிடம் ஒருநாளும் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்குமோ?

இரண்டாம் ஆண்டில் நீங்கள் தடக்குப்பட்டீர்கள். ஊசலும் வில்லும் கம்பியும் உங்கள் கைக்குள் நின்றன. துணிக்கை அலையாகவும் இருக்கும் என்ற இடத்துக்கு வந்ததும் கணிதம் உங்களைத் தாண்டிப் போய்விட்டது. "துணிக்கை எங்கை நிக்குதெண்டு நிச்சயமாச் சொல்லேலாதாம். அப்ப என்னை ஏன் கேக்கிறாங்கள்?" என்று அப்பாவிடம் முறையிட்டீர்கள். பெயில். அடுத்த வருடம் திரும்ப எழுதினீர்கள். திரும்பவும் பெயில்.

அதே மண்டபம், அதே தட்டு, நானும் அதே இடம். ஒருவரும் கேட்கமுதலே நீங்கள் சொன்னீர்கள். "நான் ரெண்டாந்தரமும் பெயில். இனிக் காணும், படிப்பை விடுறன்." சிலர் சிரித்தார்கள். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். அன்றைக்கும் என் முகத்தில் தீதான், அம்மா. என் தோல்வியைச் சொன்னபோது எரிந்ததைவிட உங்கள் தோல்வியை நீங்கள் சொன்னபோது கூடுதலாக எரிந்தது. ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

போன வருடம் நான் பட்டம் எடுத்தேன். சேலையின் தலைப்பால் நீங்கள் என் அங்கியில் இருந்த தூசியைத் தட்டினீர்கள். இப்போது பள்ளியில் பௌதிகம் படிப்பிக்கப் பயிற்சி எடுக்கிறேன். நீங்கள் பார்க்கவேண்டியது இன்னும் எவ்வளவோ இருந்தது. தலை இடிக்கிறது என்று சொல்லிக் கட்டிலில் சாய்ந்தீர்கள், மூளையில் இரத்தம் கசிந்துவிட்டது என்று வைத்தியர் சொன்னார். நாற்பத்திமூன்று வயது ஒரு வயதா?

சரி, இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். காலையில் சாப்பாட்டு மேசையில் கல்வெட்டுகளை அடுக்கி வைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன்.

"இது பிழையாப் போட்டிருக்கு, அப்பா."

"தெரியும். விடு."

"அம்மாவுக்குப் பட்டம் இல்லையே."

"ஆரும் சான்றிதழ் கேக்கப்போறேல்லை. செத்த மனுசிக்குக் கடைசியாக் கிடைச்ச மரியாதை. அதையும் பறிக்கப்போறியோ?"

நீங்கள் பெயிலானதை உங்கள் கையாலேயே பெரியமாமாவுக்கு எழுதியிருந்தீர்கள். அவர் தெரிந்துதான் செய்திருக்கிறார். தங்கச்சிக்கு ஒரு குறையும் தெரியாமல் எழுதியிருக்கிறேன் என்று பார்சலுக்குள் ஒரு துண்டும் வைத்திருந்தார். அன்பினால்தான் உங்களைச் சுரண்டியிருக்கிறார். என்னையும் சேர்த்துத்தான்.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். வெள்ளைத் தாள் வெட்டி ஒட்டலாமா என்றும் யோசித்தேன். இரண்டும் பிளேட் வேலைதான். பிறகு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அப்படியே கொடுக்கலாம் என்றும் நினைத்தேன். உங்களுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். "முதல் தடவையிலேயே சித்தியெய்தி" என்ற வரியை விட எனக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் நினைத்தேன். பட்டதாரி பரமேஸ்வரி யார்? அவவை எனக்குத் தெரியாது. எழுந்து நின்றவ, 981க்காக நூலை நீட்டியவ, பாஸ் என்று சிரிக்காதவ, வெங்காயம் வெட்டிக்கொண்டே எனக்குப் பதில் சொன்னவ, இரண்டாந்தரமும் பெயில் என்று சிரித்தவ. இவ்வளவையும் சுரண்டினால் என் அம்மா எங்கே?

கோடு போடும் அடிமட்டமும் பேனாவும் எடுத்தேன். முதல் புத்தகத்தில் என்னுடைய வரியைத்தான் முதலில் அடித்தேன். ஒரு கோடு. மேலே எழுதினேன்: "மகள் முதல் தடவை தோல்வி, இரண்டாம் தடவை சித்தி." பிறகு உங்களுடையது. "சிறப்புப் பட்டதாரி" மேல் ஒரு கோடு. "முதலாம் ஆண்டு சித்தி. இரண்டாம் ஆண்டு இருமுறை தோல்வி." கோடு நேராகத்தான் விழுந்தது, கீழே இருப்பதை வாசிக்கலாம்.

அப்பா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலை நிமிரவில்லை. கொஞ்ச நேரத்தில் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. எனக்கு எதிரே வந்து இருந்தார். நான் திருத்திய புத்தகத்தை எடுத்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"உப்பிடி விடேலாது" என்றார்.

பறிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"கணக்கிலை ஒண்டை வெட்டித் திருத்தினால், வெட்டினவர் பக்கத்திலை ஒப்பம் வைக்கவேணும். இல்லாட்டி ஆர் செய்ததெண்டு தெரியாது." டண்டினோங் தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிறவர் அல்லவா? சட்டைப் பையில் இருந்து தன் பேனாவை எடுத்து, உங்கள் கோட்டுக்குப் பக்கத்தில் சின்னதாகச் "சிவசம்பு" என்று ஒப்பம் வைத்தார். பேனாவை என்னிடம் நீட்டினார். என் கோட்டுக்குப் பக்கத்தில் நானும் அதே பெயரை வைத்தேன்.

மதியம் தாண்டும்வரை இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து எல்லாவற்றையும் முடித்தோம். அப்பா அழுதார், நானும் அழுதேன். வெட்கம் போய்விடவில்லை, அம்மா. அது இருக்கிறது. ஆனால் அது இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

நாளைக்காக உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நீங்கள் நின்ற அதே இடத்தில் நிற்பேன். குரலை ஏற்றவும் மாட்டேன், இறக்கவும் மாட்டேன். இந்தக் கடிதத்தில் கோடு போட்டு வெட்டிய இடங்களும் இருக்கின்றன, அவற்றையும் சேர்த்தே வாசிப்பேன். மண்டபத்தில் எனக்கு முன்னால் இருக்கும் பிள்ளைகள் பிறகொருநாள் என் வகுப்பில் வந்து இருந்தாலும், அவர்கள் கையில் பிளேட் இருக்கவிடமாட்டேன். நான் வாசிக்கத் தொடங்கும்போது, அந்த ஆய்வுகூடத்தில் ஒருநாளும் வாய் வராத அந்தச் சொல்லைத்தான், எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி, முதலில் சொல்வேன்.

அம்மா.

உங்கள் மகள், உங்கள் மேசையின் மற்றச் சிவசம்பு,
சுகந்தி